உங்கள் கடிதம் உங்கள் கையில் இருக்கட்டும்

(செல்போனில் ஜி.பி.ஆர்.எஸ். வழியே இன்டர்நெட் வந்த காலத்தில், ரமளானுக்கு முன் நமது அறக்கட்டளை அலுவலகத்தில் நடந்த குடும்ப ஒன்றுகூடலில் செயலாளர் ஆற்றிய உரை; இதில் சொல்லப்படும் போன்கள், செட்டிங்ஸ், கட்டணங்கள் எல்லாம் அந்தக் காலத்தவை. வர இயலாதவர்களுக்காக இங்கே எழுத்தில் தரப்படுகிறது.)





செல்போனில் ஈமெயிலும் இன்டர்நெட்டும் அமைத்துக்கொள்வது எப்படி என்று இன்று பேச இருக்கிறோம். 'அறக்கட்டளைக்கும் செல்போனுக்கும் என்ன சம்பந்தம்?' என்று பெரியவர்கள் சிலர் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். படிப்புக்கு, மருத்துவத்துக்கு, கைம்பெண்களின் மாதச் செலவுக்கு என்று நம்மிடம் மனுக்கள் வருகின்றன. அவற்றை உட்கார்ந்து படிக்கும்போது ஒன்று தெரிகிறது. சில வீடுகளின் கஷ்டம் காசு இல்லாததால் மட்டும் வந்ததில்லை. வரவேண்டிய ஒரு கடிதம் நேரத்துக்குக் கைக்கு வராததால் வந்தது.

பட்டப்படிப்பு முடித்த ஒரு பையன். வேலைக்கு மனுப் போடும்போது ஈமெயில் முகவரி கேட்டார்கள். அவனுக்கென்று முகவரி இல்லை. தான் போய் வரும் பிரவுசிங் சென்டர்காரரின் முகவரியைக் கொடுத்தான். அவரும் நல்ல மனிதர்தான், ஒரு காசு வாங்காமல் உதவி செய்பவர். அவர் வீட்டில் கல்யாணம் வந்து பத்து நாள் கடை பூட்டியிருந்தது. நேர்முகத் தேர்வுக்கு வரச்சொன்ன கடிதம் அந்தப் பத்து நாளுக்குள் வந்து, தேதியும் கடந்துவிட்டது. கடை திறந்த அன்று அவர்தான் வருத்தத்தோடு ஓடிவந்து சொன்னார்.

இன்னொன்று, ஒரு சகோதரியின் விஷயம். கணவர் வளைகுடாவில் இருக்கிறார். வீட்டுக் கடன், மகளுக்கு வந்திருக்கும் சம்பந்தம், மாமியாரின் வைத்தியம் என்று அவர் விவரமாக எழுதுவார். கடையில் இருக்கும் பையன்தான் அதைத் திறந்து, அச்செடுத்து, மடித்துக் கொடுப்பான். கொஞ்ச நாளில் அந்தச் சம்பந்தப் பேச்சு தெருவில் கேட்டது. அதற்குப் பிறகு அந்தச் சகோதரி, 'இனிமேல் எதையும் எழுதாதீர்கள்' என்று கணவரிடம் சொல்லிவிட்டார். போனில் பேசினால் காசு ஓடுகிறது, பக்கத்தில் ஆளும் இருக்கிறது. ஆக, கணவனும் மனைவியும் கலந்து பேச வேண்டிய விஷயங்கள் பேசப்படாமலே கிடக்கின்றன.

அடுத்தவர் வீட்டுக்குள் அனுமதி கேட்டு, சலாம் சொல்லிய பிறகே நுழைய வேண்டும் என்று நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. கடிதமும் ஒரு வீடுதான். அதன் சாவி வீட்டுக்காரரிடம் இருக்க வேண்டும். இன்றைய பேச்சின் சாரம் இவ்வளவே. மற்றதெல்லாம் அதற்கான வழிமுறை.

நமக்குப் புதிதில்லை

கடிதத்தை நம்பியே வாழ்ந்த சமூகம் நம்முடையது. கொழும்பு, பினாங்கு, ரங்கூன் என்று நம் பாட்டன்மார் சபுர் போன காலத்தில், வீட்டிலிருந்த பெண்கள் தமிழை அரபு எழுத்தில் எழுதினார்கள். அரபுத்தமிழ் என்று இன்றும் சொல்கிறோம். பள்ளிக்கூடம் போகாத பெண்ணும், ஓதப் பழகிய எழுத்தைக் கொண்டே தன் கணவருக்குத் தன் கையால் எழுதினார். வந்த கடிதத்தைத் தானே படித்தார். பிறகு வளைகுடா வந்தது. ஏர்மெயில் உறை, ஊருக்கு வருகிறவரிடம் கொடுத்தனுப்பும் கடிதம், பேசிப் பதிவு செய்த கேசட், எஸ்.டி.டி. பூத் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.

1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவிலிருந்து முதல்வர் ஜோதிபாசு டெல்லியிலிருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசியதோடு நம் நாட்டில் செல்போன் தொடங்கியது. அடுத்த பதினைந்தாம் நாள், ஆகஸ்ட் 15 அன்று, பொதுமக்களுக்கான இன்டர்நெட் சேவையை வி.எஸ்.என்.எல். தொடங்கியது. இரண்டும் அடுத்தடுத்து வந்தாலும், ஒரே கருவிக்குள் அடங்கி நம் கைக்கு எட்ட பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இப்போது வளைகுடாவிலிருந்து வரும் பெட்டியில் செண்டும் தைலமும் வருவதுபோல் நல்ல போன்களும் வந்திருக்கின்றன. பல வீடுகளில் அது பேசுவதற்கும் படம் பிடிப்பதற்கும் மட்டுமே பயன்படுகிறது. பள்ளிக்கூடம் போகாத பாட்டியார் தன் கடிதத்தைத் தானே காத்தார். பட்டம் வாங்கிய பேத்தி கடைப்பையனை நம்பி நிற்கலாமா?

முதலில் போனைப் பாருங்கள்

எல்லாப் போனிலும் இது வராது. ஜி.பி.ஆர்.எஸ். என்ற வசதி போனில் இருக்க வேண்டும். நம்மில் பலர் வைத்திருந்த நோக்கியா 1100-இலும் பழைய 3310-இலும் அந்த வசதி கிடையாது. அவற்றில் என்ன செய்தாலும் ஈமெயில் வராது, கடைக்காரரிடம் சண்டை போட வேண்டாம். 6600 போன்ற போன்களிலும், அப்போது வந்த கலர் போன்கள் பலவற்றிலும் இருந்தது. வாங்கும்போதே 'ஜி.பி.ஆர்.எஸ். இருக்கிறதா, ஜாவா இருக்கிறதா' என்று இரண்டையும் கேட்டு வாங்குங்கள்.

போனில் இருந்தால் மட்டும் போதாது, சிம் கார்டிலும் அதைத் திறந்துவிட வேண்டும். உங்கள் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைத்து, 'ஜி.பி.ஆர்.எஸ். திறந்துவிடுங்கள், இந்த மாடலுக்கு செட்டிங்ஸ் அனுப்புங்கள்' என்று சொல்லுங்கள். மாடல் எண்ணைத் தெரிந்துவைத்துக்கொண்டு அழையுங்கள். செட்டிங்ஸ் ஒரு மெசேஜாக வரும். அதைத் திறந்து 'சேவ்' கொடுக்க வேண்டும். சில சமயம் ரகசிய எண் கேட்கும், அதையும் கம்பெனியே சொல்லும். சேமித்த பிறகு போனை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். இணைப்பு கிடைத்தால் திரையின் மேல் ஓரத்தில் 'ஜி' அல்லது 'ஈ' என்ற ஆங்கில எழுத்து தெரியும்.

இரண்டு வாசல்

'பக்கம் திறக்கிறது, ஆனால் ஈமெயில் வரவில்லை' என்று பலர் சொல்கிறார்கள். பெரும்பாலும் காரணம் இதுதான். கம்பெனிகள் அப்போது இரண்டு விதமான இணைப்பு தந்தன. ஒன்று வேப் இணைப்பு. கம்பெனியின் பாட்டு, படம், கிரிக்கெட் ஸ்கோர் போன்ற சின்னப் பக்கங்களைக் காட்டுவதற்கானது. அது ஒரு இடைத்தரகர் வழியாகப் போகிறது. அந்தத் தரகர் வெறும் பக்கங்களை மட்டுமே கடக்க விடுவார், ஈமெயிலை விடமாட்டார். இன்னொன்று முழு இன்டர்நெட் இணைப்பு. ஈமெயிலுக்கும் ஜாவா புரோகிராம்களுக்கும் அதுதான் தேவை.

இந்த வாசலின் பெயருக்கு 'ஆக்சஸ் பாயிண்ட்' என்று பெயர். ஒவ்வொரு கம்பெனிக்கும் அது வேறு. சேவை எண்ணில் பேசும்போது, 'வேப் வேண்டாம், முழு இன்டர்நெட்டுக்கான ஆக்சஸ் பாயிண்ட் பெயரைச் சொல்லுங்கள்' என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஓர் எழுத்து, ஒரு புள்ளி மாறினாலும் வேலை செய்யாது. பயனர் பெயர், கடவுச்சொல் என்று அந்த இடத்தில் கேட்டால், கம்பெனி எதுவும் சொல்லாதவரை காலியாக விட்டுவிடுங்கள்.

முகவரி வைப்பது

ஈமெயில் கணக்கு தொடங்குவதை மட்டும் கம்ப்யூட்டரில் செய்துகொள்வது நல்லது. சின்னத் திரையில் அது சிரமம். நம் அலுவலகக் கம்ப்யூட்டரிலேயே செய்யலாம். ஜிமெயில், யாகூ எதுவானாலும் இலவசம்தான்.

முகவரியில் பெயரை எப்படி எழுதுவது என்பதில் கவனம் வேண்டும். முஹம்மது என்ற ஒரு பெயரை நம் ஊரில் ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறோம்! பள்ளிச் சான்றிதழில் ஒரு விதம், ரேஷன் கார்டில் ஒரு விதம், பாஸ்போர்ட்டில் ஒரு விதம். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே முகவரியிலும் எழுதுங்கள். அந்தப் பெயரை வேறு யாராவது ஏற்கெனவே எடுத்திருந்தால், தகப்பனார் பெயரையோ ஓர் எண்ணையோ சேர்த்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்லும்போது ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லுங்கள். ஓர் எழுத்து மாறினால் உங்கள் கடிதம் இன்னொரு முஹம்மதுக்குப் போய்ச் சேரும். பிள்ளைகள் விளையாட்டாக 'ஹீரோ', 'ஸ்வீட்' என்றெல்லாம் முகவரி வைக்கிறார்கள். வேலை தருபவர் அந்த முகவரியைப் பார்த்தால் என்ன நினைப்பார் என்று யோசியுங்கள்.

அந்த நாளில் கணக்குத் தொடங்கும்போது, கடவுச்சொல் மறந்துபோனால் கேட்பதற்கென்று ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். தாயாரின் குடும்பப் பெயர், பிறந்த ஊர், படித்த பள்ளி என்று கேட்கும். இது வெள்ளைக்காரர்களுக்கு ரகசியமாக இருக்கலாம். நம் மஹல்லாவில் உங்கள் உம்மாவின் பெயரும் அவர் வாப்பாவின் பெயரும் யாருக்குத் தெரியாது? உண்மையான பதிலை எழுத வேண்டும் என்று அங்கே கட்டாயம் ஒன்றும் இல்லை. உங்களுக்கு மட்டும் தெரிந்த ஒன்றைப் பதிலாக எழுதுங்கள். கடவுச்சொல்லாக செல் நம்பரையோ பிள்ளையின் பெயரையோ வைக்காதீர்கள்.

போனில் படிக்க மூன்று வழி

முதல் வழி, போனிலேயே இருக்கும் பிரவுசரைத் திறந்து, ஈமெயில் பக்கத்துக்குப் போய், பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்துப் படிப்பது. இதுதான் எளிது. படித்து முடித்ததும் 'சைன் அவுட்' கொடுக்க மறக்கக் கூடாது.

இரண்டாவது வழி, ஜாவா புரோகிராம். ஜிமெயிலே செல்போனுக்கென்று ஒரு சின்னப் புரோகிராமை 2006-இல் வெளியிட்டது. இறக்கிப் போட்டுக்கொண்டால் கடிதங்களைப் படிக்கவும் எழுதவும் வசதியாக இருந்தது. மற்றப் பக்கங்களைப் பார்க்க ஓபரா மினி என்று ஒன்று உண்டு. அது நாம் கேட்கும் பக்கத்தைத் தன் கம்ப்யூட்டரில் வாங்கி, சுருக்கி, பிறகு நமக்கு அனுப்புகிறது. அதனால் காசு குறைகிறது. பக்கம் அவர்கள் கம்ப்யூட்டர் வழியாக வருவதால், வங்கிக் கணக்கு போன்ற விஷயங்களுக்கு அதைப் பயன்படுத்த வேண்டாம் என்பது எங்கள் யோசனை.

மூன்றாவது வழி, மெசேஜ் பகுதியிலேயே 'மெயில் பாக்ஸ்' அமைப்பது. வேலை தேடுகிறவர்களுக்கும் வியாபாரிகளுக்கும் இது உதவும். ஜிமெயிலாக இருந்தால் அப்போது முதலில் கம்ப்யூட்டரில் செட்டிங்ஸ் பக்கத்துக்குப் போய் 'பாப்' அல்லது 'ஐமேப்' என்பதை இயக்கிவிட வேண்டியிருந்தது. இதைச் செய்யாமல் போனில் எவ்வளவு முயன்றாலும் வரவில்லை. பிறகு போனில், வரும் கடிதத்துக்கு 'பாப் டாட் ஜிமெயில் டாட் காம்', போர்ட் எண் 995. ஐமேப் என்றால் 'ஐமேப் டாட் ஜிமெயில் டாட் காம்', எண் 993. போகும் கடிதத்துக்கு 'எஸ்எம்டிபி டாட் ஜிமெயில் டாட் காம்', எண் 465. எல்லாவற்றிலும் 'எஸ்.எஸ்.எல்.' என்ற பாதுகாப்பை இயக்க வேண்டும். பயனர் பெயர் கேட்கும் இடத்தில் பாதிப் பெயரை எழுதாமல், அட் குறியோடு முழு முகவரியையும் எழுதுங்கள். 'தலைப்பு மட்டும் எடு' என்று ஒரு வசதி இருக்கும். அதை வைத்துக்கொண்டால் யார் எழுதியது, என்ன விஷயம் என்பது மட்டும் முதலில் வரும். வேண்டியதை மட்டும் திறந்து முழுதாக எடுக்கலாம்.

இந்த எண்களை எழுதிக்கொள்ள முடியாதவர்கள் கவலைப்பட வேண்டாம். அலுவலகப் பலகையில் எழுதி ஒட்டியிருக்கிறோம்.

காசு எங்கே போகிறது?

ஜி.பி.ஆர்.எஸ்.இல் எவ்வளவு நேரம் இணைப்பில் இருந்தோம் என்பதற்குக் காசு கிடையாது. எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்ற அளவுக்குத்தான் காசு. உதாரணமாக 10 கிலோபைட்டுக்கு 10 பைசா என்று வைத்துக்கொள்வோம். வெறும் எழுத்தாக வரும் கடிதம் சில கிலோபைட்தான். பத்து, இருபது பைசாவில் முடிந்துவிடும். அதே கடிதத்தோடு கேமராவில் எடுத்த ஒரு மெகாபைட் போட்டோ வந்தால் பத்து ரூபாய் தாண்டிவிடும். ஐந்து போட்டோ வந்தால் ஐம்பது ரூபாய் ரீசார்ஜ் அதோடு சரி.

ஆகவே வெளிநாட்டில் இருக்கும் சகோதரர்கள் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். போட்டோவைச் சின்னதாக்கி அனுப்புங்கள். விஷயத்தைக் கடிதத்திலேயே எழுதுங்கள், வேர்டு ஃபைலாக இணைக்காதீர்கள், பல போன்களில் அது திறக்காது. தமிழ் எழுத்தில் அனுப்பினால் அப்போது இங்கிருந்த பெரும்பாலான போன்களில் கட்டம் கட்டமாகத்தான் தெரிந்தது. எனவே அப்போது தமிழை ஆங்கில எழுத்தில் எழுத வேண்டியிருந்தது. அரபு எழுத்தில் தமிழை எழுதிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இதுவும் கைவந்தது.

விசா நகல், டிக்கெட் போன்றவை வந்தால் போனில் திறக்காமல் போகலாம். அவை வந்துவிட்டன என்று தெரிவதே பெரிய உதவிதான். பிறகு கம்ப்யூட்டரில் நீங்களே திறந்து அச்செடுத்துக்கொள்ளலாம். முதல் ஒரு வாரம், பயன்படுத்துவதற்கு முன்னும் பின்னும் பேலன்ஸ் பாருங்கள். எதற்கு எவ்வளவு போகிறது என்பது கைக்கணக்காகத் தெரிந்துவிடும். தானாகக் கடிதம் எடுக்கும் வசதி இருந்தால் அதை அணைத்துவையுங்கள்.

காக்க வேண்டியவை

சாவி நம் கைக்கு வந்தால் காவலும் நம் பொறுப்பாகிறது. போனை ரிப்பேருக்குக் கொடுக்கும் முன் மெயில் பாக்ஸை அழித்துவிட்டு, மெமரி கார்டையும் சிம்மையும் கழற்றிக்கொண்டு கொடுங்கள். பழைய போனை விற்கும்போதும் அப்படியே. போன் தொலைந்துபோனால் உடனே ஏதாவது ஒரு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து கடவுச்சொல்லை மாற்றுங்கள். நட்சத்திரம், ஹேஷ், பூஜ்ஜியம், ஆறு, ஹேஷ் என்று அழுத்தினால் பதினைந்து இலக்க எண் ஒன்று வரும். போனுக்கான அடையாள எண் அது. இன்றே குறித்து வையுங்கள், போலீசில் புகார் கொடுக்கும்போது கேட்பார்கள்.

ஈமெயில் வந்தால் ஏமாற்றுக்காரர்களும் கூடவே வருவார்கள். 'லாட்டரியில் உங்கள் முகவரிக்குப் பரிசு விழுந்திருக்கிறது' என்று வரும். வாங்காத லாட்டரிக்கு ஏது பரிசு? அதைவிட ஆபத்தானது, பெரிய கம்பெனியின் பெயரில் வரும் வேலைக் கடிதம். சம்பளம், வீடு, டிக்கெட் எல்லாம் இலவசம் என்று எழுதி, கடைசியில் விசா செலவுக்கு இந்தக் கணக்கில் பணம் கட்டு என்று கேட்பார்கள். ஒரு செய்தி வந்தால் தீர விசாரித்துக்கொள்ள வேண்டும் என்பது நம் மார்க்கம் சொல்லித் தந்த பாடம். 1983-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட் பதிவு பெற்றிருக்க வேண்டும். சென்னையில் அதற்கான அரசு அலுவலகம், குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம், இருக்கிறது. பதிவு எண்ணைக் கேட்டு அங்கே சரிபார்க்காமல் நகையை அடகுக் கடைக்குக் கொண்டுபோகாதீர்கள். சந்தேகம் இருந்தால் கடிதத்தை எங்களிடம் காட்டுங்கள், விசாரிக்க உதவுகிறோம்.

பிள்ளைகள் கையில் இன்டர்நெட் கொடுத்தால் கெட்டுப்போவார்களே என்ற கவலை பெற்றோருக்கு இருக்கிறது. அந்தக் கவலை எங்களுக்கும் உண்டு. பள்ளிப் பிள்ளைகளுக்குத் தனிப் போன் வேண்டாம். வீட்டுப் போனில், கூடத்தில் உட்கார்ந்து, பெரியவர் பக்கத்தில் இருக்கும்போது பார்க்கட்டும். ஆனால் அந்தப் பயத்தைக் காரணம் காட்டி வீட்டுப் பெண்களுக்கு இதைக் கற்றுத்தராமல் விடுவது சரியில்லை. குடும்பப் பொறுப்பையும் பணத்தையும் நம்பி ஒப்படைத்துவிட்டு நாம் சபுர் போகிறோம். ஒரு கடிதத்தைத் திறக்கும் பொறுப்பை மட்டும் எதற்காக ஒப்படைக்கத் தயங்க வேண்டும்?

அறக்கட்டளை செய்வது

இன்ஷா அல்லாஹ் வரும் சனிக்கிழமை முதல், ஒவ்வொரு சனியும் அஸருக்குப் பின் மஃரிப் வரை அலுவலகத்தில் இதற்கென்றே நேரம் ஒதுக்கியிருக்கிறோம். ஆண்களுக்குக் கீழே, பெண்களுக்கு மாடியில். மாடியில் நம் கல்லூரிப் பெண்பிள்ளைகளே சொல்லிக்கொடுப்பார்கள், ஆண்கள் அங்கே வரமாட்டார்கள். கட்டணம் எதுவும் இல்லை. போன், சார்ஜர், பாஸ்போர்ட் நகல், கம்பெனியிடம் கேட்டு எழுதிய ஆக்சஸ் பாயிண்ட் பெயர், இந்த நான்கையும் கொண்டுவாருங்கள். போனில் பத்து ரூபாயாவது பேலன்ஸ் இருக்கட்டும்.

கணக்கு தொடங்க உதவுவோம், எண்களைப் பதிந்து தருவோம், முதல் கடிதம் போய்ச் சேரும்வரை கூடவே இருப்போம். கடவுச்சொல் அடிக்கும் நேரத்தில் மட்டும் எங்கள் பிள்ளைகள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அதை எங்களிடம் சொல்லாதீர்கள், எழுதியும் தராதீர்கள். செயலாளர் கேட்டாலும் சொல்லாதீர்கள்.

படிப்பு உதவி கேட்டு மனுப் போடும் மாணவர்கள், அடுத்த கல்வியாண்டு முதல் தங்கள் சொந்த ஈமெயில் முகவரியையும் மனுவில் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். இல்லை என்பதற்காக எந்த மனுவையும் தள்ள மாட்டோம். இல்லாதவருக்கு அன்றைக்கே தொடங்கித் தருவோம்.

பிரவுசிங் சென்டர் நடத்தும் நம் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. இவ்வளவு காலம் ஊர்க் கடிதங்களைச் சுமந்திருக்கிறீர்கள், அல்லாஹ் அதற்கு நற்கூலி தருவானாக. உங்களிடம் இருக்கும் மற்றவர்களின் கடவுச்சொற்களை அவரவரை அழைத்து மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். அச்செடுக்கவும், மனு நிரப்பவும், பெரிய ஃபைல் இறக்கவும் அவர்கள் உங்களிடம்தான் வருவார்கள்.

தூரத்தில் இருக்கும் நம் பிள்ளைகளையும் சகோதரர்களையும் அல்லாஹ் பத்திரமாகக் காப்பானாக, அவர்களின் உழைப்பில் பரக்கத் செய்வானாக, அவர்களிடமிருந்து நல்ல செய்திகளையே நமக்குக் கொண்டுவந்து சேர்ப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.